ஈச்சநந்தல் ஏரியைப் பாஞ்சாலை கடந்தது

ஏரி நிரம்பினால் ஈச்சநந்தலில் பொங்கல் வைப்பார்கள். கொல்லைமேட்டிலோ, வீட்டில் இருக்கிற உப்பும் மண்ணெண்ணெயும் தை மாசம் வரைக்கும் தாங்குமா என்று பார்ப்பார்கள். ஒரே ஏரிதான், ஒரே தண்ணீர்தான். ஆனாலும் அப்படி.

அடி அண்ணாமலையைத் தாண்டி மேற்கே போனால், மலையின் முதுகு தெரிகிற தூரத்தில் ஈச்சநந்தல். ஊரை ஒட்டி, யானை படுத்தாற்போல ஏரிக்கரை. கரையின் வடக்கு முனையில், ஏரி கொள்ளாத தண்ணீர் வழிந்தோடுகிற இடத்துக்குக் கோடி என்று பெயர். கோடியைக் கடந்து ஏரி ஓரமாகவே வெகுதூரம் நடந்தால், தண்ணீர் முடிகிற மூலையில் நாற்பது வீடுகள். அதுதான் கொல்லைமேடு. மழை பொய்த்த வருஷங்களில் கோடியில் ஆடு மேயும். பிள்ளைகள் அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடம் வருவார்கள். ஏரி நிரம்பிவிட்டாலோ, இடுப்பளவுத் தண்ணீர் பாசி பிடித்த பாறை மேல் சறுக்கிக்கொண்டு ஓடும். கால் வைத்தவனைக் கீழே மடுவில் கொண்டுபோய்ப் போடும். அப்புறம் கொல்லைமேட்டுக்காரர்களுக்கு வேணுவின் தெப்பம்தான் கதி. தெப்பம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் கண்ணுகளா. நாலு லாரி டியூப், அதன் மேல் ஒரு மூங்கில் தட்டி. மீன் பிடிக்கக் கட்டியது. மூன்று பேர் ஏறலாம். நாலாவது ஆள் சாமியை வேண்டிக்கொண்டு ஏற வேண்டும்.

கோடி மேல் சின்னதாக ஒரு பாலம் போட்டால் தீர்ந்தது. போடவில்லை. பாலத்தின் இந்தப் பக்கத்துக் கால் இறங்க வேண்டிய இடம் சக்கரபாணியின் தென்னந்தோப்பு ஓரம். சக்கரபாணிக்குத் திருவண்ணாமலை டவுனில் கம்பி, சிமெண்ட்டுக் கடை. ஊரில் இரண்டு தரம் தலைவராக இருந்தவர். பாலம் கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து மோர் கொடுப்பார். "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். மோர் நன்றாகவே இருக்கும்.

இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்த வருஷங்களில் ஒன்றில்தான் தனம் போனாள். தனம், கொல்லைமேட்டுப் பாஞ்சாலையின் தங்கை, வேணுவின் பெண்டாட்டி. தலைப்பிரசவம். அப்போது தெப்பமும் கிடையாது. வலி கண்டதும் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு கோடிக்கு வந்தார்கள். நாலு பேர் கட்டிலோடு தண்ணீரில் இறங்கினார்கள். பாதி தூரம் வருவதற்குள் தண்ணீர் இழுத்தது, திரும்பிவிட்டார்கள். வேகம் குறையட்டும் என்று கட்டிலைக் கரையில் வைத்துக் காத்திருந்தார்கள். தண்ணீருக்கு என்ன அவசரம்? அது குறைவதற்குள் தனமும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். கட்டில் காலைப் பிடித்தபடியே நின்ற வேணு, காரியம் முடிந்த கையோடு டியூப் வாங்கி வந்து தெப்பம் கட்டினான். மறுபடி கல்யாணம் கட்டவில்லை.

அதற்குப் பிறகு மழை பல வருஷம் ஏமாற்றியது. சுனாமிக்கு மறுவருஷம் ஐப்பசியில் பிடித்த மழை, கார்த்திகையிலும் விடாமல் பெய்தது. ஏரி மறுபடி நிரம்பியது.

பாஞ்சாலை அப்போது ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசு. அகன்ற தோள். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், இட்லிக்காகக் காத்திருந்த நேரத்தில் தன் ஊர்ப் படம் ஒன்றைக் காட்டினாள். மலைகளுக்கு நடுவே பெரிய ஏரி. அதில் கறுப்பாக ஒரு தலை. "நான்தான்" என்றாள் அரைகுறைத் தமிழில். "இந்தக் கரை, அந்தக் கரை. நீந்தினேன். ஊர் கொடுத்தது. குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி."

பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. "நீ நீந்துனதுக்கு அவங்க எதுக்கும்மா குடுத்தாங்க?"

அந்த அம்மாள் யோசித்தாள். "நான் கஷ்டப்பட்டேன். அவங்க சும்மா பார்த்தாங்க. வெட்கம் வந்தது. கொடுத்தாங்க."

"வெக்கம் வரவெச்சு வாங்கறதா?" பாஞ்சாலை கரண்டியைக் கீழே வைத்தாள். "இது நல்லாருக்குதே!"

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி லட்சம் கால்கள் வெறுங்காலாக நடப்பதை அவள் பிறந்தது முதல் பார்க்கிறாள். எல்லாம் அவரவர் வேண்டுதலுக்கு. நாற்பது வீட்டுக்காக ஒருத்தி கைகால் நோக நீந்தினால் என்ன? நீச்சல் அவளுக்குப் புதுசா? சின்ன வயசில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பன் கிணற்றில் தள்ளிவிட்டானே, அன்றைக்கு வந்த நீச்சல். குடுக்கையை அவிழ்த்த பிறகும் அவள் கிணற்றை விடவில்லை.

நடுவில் ஏதாவது பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்த அம்மாள் விரலை ஆட்டினாள். "படகு கூட வரும். தொடக் கூடாது. யாரும் உன்னைத் தொடக் கூடாது. தொட்டால் கணக்கில் இல்லை."

ஏரிப் பொங்கல் அன்று மதகுப் படிக்கட்டுக்கு மேலே இருக்கிற கங்கையம்மன் கோயிலில் ஊரே கூடியிருந்தது. கொல்லைமேட்டுக்காரர்களைத் தெப்பத்தில் தவணை தவணையாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தான் வேணு. படையல் முடிந்ததும் பாஞ்சாலை எழுந்து நின்றாள்.

"ஊர்ல இருக்கிற பெரியவங்கள ஒண்ணு கேக்கறேன். கோடி மேல பாலம் வேணும். கல்லு நாங்க ஒடைக்கிறோம், வேலை நாங்க செய்யறோம். கம்பிக்கும் சிமெண்ட்டுக்கும் தருமம் கேக்கறேன். சும்மா கேக்கல. எங்க மூலையிலேர்ந்து இந்த மதகுப் படி வரைக்கும் ஏரியில நீந்தி வர்றேன். வந்து சேர்ந்தா குடுங்க. சேரலைன்னா வாணாம்."

கூட்டம் சிரித்தது. கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் ஜோதியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன்டி, பொடவையோடவா நீந்துவ? ரெண்டு மைலு! ஈரப் பொடவை உன்ன மதகுக்குள்ள இழுத்துக்கினு போய்டும்."

"எங்க வூட்டுக்காரரு டவுசரும் சட்டையும் போட்டுக்குவேன்."

"ஐயே! ஆம்பளை டவுசரா?"

"தண்ணிக்குள்ள இருக்கிறதை நீ ஏன்க்கா எட்டிப் பாக்கற?"

இப்போது சிரிப்பு ஜோதியம்மாள் பக்கம் திரும்பியது. அந்தச் சிரிப்பிலேயே ஒருத்தர் ஒரு நடை செங்கல் என்றார், ஒருத்தர் ரெண்டு வண்டி மணல் என்றார். பாஞ்சாலை சட்டத்தையும் சொல்லிவிட்டாள். "வழியில மரம், மட்டை, தெப்பம், ஆளு, எதையும் தொடமாட்டேன். என்னையும் யாரும் தொடக் கூடாது. தொட்டா நான் நீந்துனது கணக்குல சேராது."

"இது எந்த ஊரு சட்டம்?" என்று கேட்டபடி முன்னால் வந்தார் சக்கரபாணி.

"இன்னியிலேர்ந்து ஈச்சநந்தல் சட்டங்க."

சக்கரபாணி ஊரை ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தார். "பாஞ்சால, நீ சோறு வடிக்கிற பொம்பளை. தண்ணியைக் கொதிக்கவெக்கத் தெரியும். தாண்டத் தெரியுமா? சரி, நீ சொன்ன சட்டப்படியே வந்து இந்தப் படியில கையை வெய்யி. என் தோப்போரத்தைப் பாலத்துக்கு வுட்டுடறேன். கம்பியும் என்னுது."

"கற்பூரம் அடிச்சுச் சொல்லுங்க."

"ஏங்க, அவசரப்படாதீங்க" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள் அவர் மனைவி ராணியம்மாள். அதற்குள் சக்கரபாணி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்துவிட்டார். அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சொன்ன சொல் தவறினால் வம்சத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஒரு சமையற்காரி ரெண்டு மைல் நீந்துவாள் என்பதுதான் தெரியாது.

அன்றைக்கு இரவு சோறு போடும்போது புருஷன் மணிவேல் தட்டைப் பார்த்தே பேசினான். அவன் டவுனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்; அதிகம் பேசமாட்டான்.

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். தனம் செத்தன்னிக்கு அழுவறதுக்கு எவன் வந்தான்?"

மணிவேல் இரண்டு வாய் சாப்பிட்டான். "டவுசரு உன் இடுப்புல நிக்குமா?"

"நாடா வெச்சுத் தச்சுக்கறேன்."

"நல்லா இறுக்கித் தச்சுக்க. நடு ஏரியில அது மட்டும் தனியா மெதந்து வந்தா, எனக்குத்தான் மானம் போவும்."

அவள் சிரித்ததில் குழம்பு சிந்தியது.

குறித்த நாளில், மலைக்குப் பின்னால் வெளுக்கிற நேரத்துக்கு, பாஞ்சாலை உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். குளிருக்கு அதுதான் போர்வை. பின்னால் தெப்பத்தில் வேணு. ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டிக்கோல் நுனியில், மோரில் கரைத்த கேழ்வரகுக் கூழை ஒரு பாட்டிலில் கட்டி வைத்திருந்தான். கோலை நீட்டினால் அவள் வாங்கிக் குடிக்கலாம். தெப்பத்தைத் தொட வேண்டாம்.

முதலில் வந்தது கருவேலங்காடு. ஏரி வறண்ட காலத்தில் ஏரிக்குள் நட்ட மரங்கள், இப்போது உச்சி மட்டும் வெளியே தெரிய நின்றன. மரத்தைத் தொடமாட்டேன் என்றல்லவா சொல்லியிருக்கிறாள்! உடம்பை ஒடுக்கி, மரத்துக்கு மரம் ஒதுங்கிப் போனாள். முறிந்து மிதந்து வந்த ஒரு முள் மட்டும் கெண்டைக்காலைக் கிழித்தது. எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. மரங்களைத் தாண்டியதும் மலை நேரே நின்றது. அதை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு கையை வீசினாள். கீழே தான் ஆடு மேய்த்த தரை கிடக்கிறது என்று நினைக்க அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இதோ இங்கேதான் தனமும் அவளும் வெள்ளரிப் பிஞ்சு திருடித் தின்றது. இப்போது அதற்கு மேலே ரெண்டு ஆள் உயரத் தண்ணீர்.

கரையிலிருந்து பறைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆட்கள் எறும்பாகத் தெரிந்து, பிறகு கோழியாகத் தெரிந்தார்கள். முக்கால் வாசி ஏரி முடிந்திருக்கும். முள் கிழித்த அதே கால், திடீரென்று முறுக்கிய கயிறு மாதிரி இழுத்துக்கொண்டது. பாஞ்சாலை ஒரு நொடி தண்ணீருக்குள் போனாள். பயப்படவில்லை. கிணற்றில் எத்தனையோ தரம் வந்ததுதான். கால் கட்டைவிரலைப் பிடித்து நெட்டி இழுத்தால் விட்டுவிடும். குனிந்து விரலைப் பிடிக்கப் போனாள்.

வேணு பார்த்தது வேறு. தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு, தலை இல்லை.

அவள் மேலே வருவதற்குள் அவன் கை அவள் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டது. மறுகை அக்குளில். ஒரே இழுப்பு. பாஞ்சாலை மூங்கில் தட்டி மேல் மீன் மாதிரி கிடந்தாள்.

"தம்பி..." என்றாள். மூச்சு வாங்கியது. "இன்னாடா செஞ்ச?"

வேணு தன் கைகளையே பார்த்தான்.

பறைச் சத்தம் நின்றுபோனது. தெப்பம் காற்றுக்குக் கரைப் பக்கம் நகர, பேச்சுக் குரல் கேட்டது. "தொட்டாச்சு! தெப்பத்துல ஏறியாச்சு!" என்றார் சக்கரபாணி. "அவன்தானேய்யா புடிச்சு இழுத்தான்! அவ இன்னா செய்வா?" என்று மணிவேல் கத்தினான். ஆளுக்கு ஆள் நியாயம் பேசினார்கள். பாதிப் பேர் அவள் பக்கம் பேசியது அவளுக்கே ஆச்சரியம்.

பாஞ்சாலை தெப்பத்தில் எழுந்து நின்றாள். ஒட்டிய சட்டை, தொடை தெரிகிற டவுசர், காலில் வழிகிற ரத்தம். ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றாள்.

"சண்டை போடாதீங்க! அவரு சொல்றது சரி. இது நான் வெச்ச சட்டம். இன்னிக்கு நீந்துனது கணக்குல இல்ல."

"அதான், ஒத்துக்கினாளே! மேல வாம்மா, மோரு குடிச்சுட்டுப் போ" என்றார் சக்கரபாணி.

"மேல வந்துட்டு வூட்டுக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டாள் பாஞ்சாலை. "வழி எங்க இருக்குது? கோடியில எறங்கிப் போவட்டா? எங்க தனம் போனாளே, அந்த வழியா?"

கரையில் நின்றவர்கள் கோடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"வழி இல்லாத ஊருக்காரி நான். வந்த மாதிரியே போறேன்" என்று சொல்லித் தண்ணீரில் குதித்தாள். எல்லோரும் அவள் கரைக்கு வருவாள் என்று பார்க்க, அவள் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொல்லைமேட்டைப் பார்த்து நீந்தினாள். கால் இழுத்தபோதெல்லாம் மல்லாந்து மிதந்தாள். வேணு வெகு தூரம் விட்டுப் பின்னால் வந்தான். கரையில் நின்றவர்கள் அந்தத் தலை புள்ளியாகி மறைகிற வரைக்கும் கலையவில்லை என்று பிறகு ஜோதியம்மாள் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாளும் பாஞ்சாலை காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வேணு வாசலுக்கு வந்து நின்றான். சாப்பிட்ட முகமாக இல்லை.

"அக்கா, என்னை நல்லாத் திட்டிடுக்கா."

"திட்டுனா உனக்கு மனசு ஆறிடும். திட்டமாட்டேன்."

"தலை முழுகுனதைப் பாத்தேன். கை தானா வந்துடுச்சு."

"தெரியும்டா." பாஞ்சாலை எழுந்து உட்கார்ந்தாள். அந்தக் கை ஒன்பது வருஷமாக எதைப் பிடிக்கத் தவிக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? "நாளைக்குக் காலையில மறுபடி எறங்கறேன். வா."

"வேற ஆளை வெச்சுக்க. என்னால ஆவாது."

"வேற எவனுக்கு என் தலை முழுகுனா பதறும்? பதறுற ஆளுதான் எனக்குப் பின்னால வரணும். நீ பதறு. கத்து. ஆனா புடிக்காத. நான் 'வேணு, புடி'ன்னு வாயால சொன்னா மட்டும் புடி. சொல்லமாட்டேன்."

மறுநாள் பறை இல்லை, அறிவிப்பு இல்லை. இந்தத் தரம் கருவேலங்காட்டை விட்டு ஒதுங்கி, மாடு குளிப்பாட்டுகிற துறையில் இறங்கினாள். தூரம் ஜாஸ்தி, முள் கிடையாது. மேகம் மூடி மலையே தெரியவில்லை. தெரியாத மலையை நினைவில் வைத்து நீந்தினாள். தோள் இரண்டும் உரலில் போட்டு இடித்தாற்போல் வலித்தன. தொரட்டிக்கோலில் வந்த கூழைக் குடித்தாள். பாட்டிலைத் திரும்பக் கோலில் மாட்டினாள்.

கிட்டத்தட்ட அதே இடம். அதே கால். கயிறு மறுபடி முறுக்கிக்கொண்டது. பாஞ்சாலை தண்ணீருக்குள் போனாள்.

கீழே இருட்டாக இருந்தது. விரல் வழுக்கியது, விளக்கெண்ணெய். மறுபடி பிடித்தாள், வழுக்கியது. மேலே, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. "அக்கா! அக்கோவ்!" மாடு அலறுகிற மாதிரி குரல். அவள் இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்து வளைத்தாள். கால் விட்டுக்கொடுத்தது. தலையை மேலே தூக்கியபோது வேணு தெப்பத்தில் குப்புறப் படுத்திருந்தான். வாயில் துண்டைக் கடித்திருந்தான். இரண்டு கையும் மூங்கில் தட்டியை, தட்டி நொறுங்கிவிடும் போலப் பிடித்திருந்தன. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலை வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினாள். "அப்பிடிக் கத்தாதடா. இருக்கிற மீனும் ஓடிடும்."

கரையில் முதலில் பார்த்தவள் ஜோதியம்மாள். டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். பாஞ்சாலை மதகை நெருங்குவதற்குள் கரை நிறைந்துவிட்டது. வெளியே தெரிகிற கடைசிப் படி, கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்.

பாஞ்சாலை கையை நீட்டவில்லை.

"சக்கரபாணி எங்க?"

"டவுனுக்குப் போயிட்டாரு. கடையில வேலையாம்" என்றார்கள்.

"வரச் சொல்லுங்க. அவரு கண்ணால பாக்காம நான் படியில கை வெக்க மாட்டேன்."

"ஏறுடி மொதல்ல! நாங்க இத்தனை பேர் பாத்தோமே!"

"நீங்க பாத்தீங்க. அவரு பாக்கலையே! நாளைக்குப் போய்க் கேட்டா மோரு குடுப்பாரு."

முதல் நாளே தெப்பத்தில் இக்கரை வந்திருந்த மணிவேல் லுங்கியை மடித்துக் கட்டி, யாருடையதோ ஒரு டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராணியம்மாள் வந்தாள். "மணிவேலு, நான் சொன்னேன்னு சொல்லு. கற்பூரத்தை அடிச்சுட்டுக் கடைக்குள்ள உக்காந்துக்கினா, அம்மன் கடைக்கு வரமாட்டாளான்னு கேளு. அவரு வரலைன்னா நானே வந்து ஷட்டரை எறக்குவேன்னு சொல்லு."

மதகுப் பக்கம்தான் ஏரியின் ஆழம் அதிகம். படியைத் தவிரக் கால் ஊன்ற இடமில்லை. பாஞ்சாலை மல்லாந்து மிதந்தாள். உதடு நீலமாகிவிட்டது. பல் கிட்டியது. ஜோதியம்மாள் புடவையோடு, முழுகிக் கிடந்த படிகளில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் அவளைத் தொடாமல் நின்றாள்.

"குளிருதாடி?"

"குளிருதுக்கா."

"தூங்கிடாத. பேசிக்கினே இரு. அந்த டவுசரு உனக்கு நல்லாத்தான்டி இருக்குது."

"உனக்கும் ஒண்ணு தச்சுத் தரட்டா?"

படிக்கட்டில் உட்கார்ந்த பெண்கள் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எவள் வீட்டுக் கோழி எவள் வீட்டில் முட்டையிட்டது, எந்தக் கல்யாணத்தில் சாம்பார் பற்றவில்லை, எல்லாம். எதைச் சொன்னாலும் கேள்வியாக முடித்தார்கள், அவள் பதில் சொல்ல வேண்டும் என்று. தண்ணீரில் மிதக்கிறவளை இப்படிப் பேச்சிலேயே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

டிவிஎஸ் சத்தம் கேட்டது. மணிவேலுக்குப் பின்னால், கணக்கெழுதுகிற பேனா சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்க, சக்கரபாணி உட்கார்ந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் மேல்படியில் நின்று பார்த்தார். எதுவோ சொல்ல வாயெடுத்தார். இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஏறும்மா. போதும். பாத்துட்டேன்."

"அங்கேர்ந்து பாத்தா எப்பிடிங்க? கீழ வாங்க."

அவர் இறங்கினார். செருப்பு நனைந்தது. கடைசிப் படிக்கு வந்து நின்றார். பாஞ்சாலை திரும்பிப் படுத்து, இரண்டு வீச்சு வீசி, அவர் காலுக்குப் பக்கத்தில் படிக்கல்லில் தன் வலது கையை ஓங்கி வைத்தாள். பளார் என்று கேட்டது. அன்றைக்கு அவர் கற்பூரத்தை அறைந்த சத்தத்தைவிடப் பெரிய சத்தம்.

"இப்ப பாத்துக்கினீங்களா?"

"பாத்தேன்" என்றார் சக்கரபாணி.

பெண்கள் குலவையிட்டார்கள். நாலு பேர் பிடித்து ஏற்றி, கிடைத்த புடவையெல்லாம் சுற்றினார்கள். மணிவேல் கிட்டே வந்து, "நாடா நின்னுச்சா?" என்று கேட்டான். "நின்னுச்சு" என்றாள்.

மோர் கொண்டுவரச் சொன்னார் சக்கரபாணி. "மோரு அப்பறம். வழியைக் காமிங்க" என்றாள் பாஞ்சாலை. ஊரே பின்னால் வர, கரை மேலேயே நடந்து தோப்புக்குப் போனார்கள். வேலிப் படலைத் திறந்து விட்டவள் ராணியம்மாள். கோடியோரம் வந்ததும் சக்கரபாணி நின்று, இங்கிருந்து அங்கே என்று கையால் காட்டினார். நடுவில் நல்ல காய்ப்பில் இரண்டு தென்னைகள். அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ரெண்டு மரம் போவும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"போவட்டுங்க" என்றாள் ராணியம்மாள். "நம்மகிட்ட தேங்காய்க்கா பஞ்சம்?" கீழே கிடந்த காய்ந்த மட்டையை எடுத்து, அவர் காட்டிய இடத்தில் தன் கையாலேயே ஊன்றினாள்.

எதிரே கோடி ஓடிக்கொண்டிருந்தது. நாலு நாளாக மழை விட்டிருந்ததால் தண்ணீர் முழங்காலுக்கு மேலேதான். ஆனாலும் இழுப்பு அடங்கவில்லை. "தெப்பத்துலயே கொண்டுபோய் வுட்டுடச் சொல்லும்மா" என்று யாரோ சொன்னார்கள்.

"வாணாம். பாலம் வரப்போற வழி. நடந்தே போறேன்" என்று பாஞ்சாலை தண்ணீரில் காலை வைத்தாள். பாசி வழுக்கியது. ஒன்பது வருஷமாக அவள் இங்கே ஓடுகிற தண்ணீரில் கால் வைத்ததில்லை. வேணுவும் வைத்ததில்லை. அவன் பின்னால் கரையிலேயே நின்றான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

பாஞ்சாலை திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வேணு, புடி."

அவன் இறங்கி வந்து பிடித்தான்.